ஓடைக் கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சி எது? குமரி மாவட்டத்து ஓடைகளை வைத்து ஒரு கேள்வி பதில்

குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டுக்குக் கீழே ரப்பர் தோட்டத்து நடுவில் ஒரு ஓடை ஓடுகிறது. அதில் கல்லைப் புரட்டிப் பூச்சி பார்க்க ஆரம்பித்து சில வருடங்கள் ஆகின்றன. பார்த்துக்கொண்டு நிற்கும்போது வந்து கேட்பவர்கள், பிறகு தாங்களும் பழக ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

தண்ணீரில் பூச்சி இருந்தால் அது கெட்ட தண்ணீர்தானே?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு நெளிவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் ஓடும் தண்ணீரின் கணக்கே வேறு. பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுக்குள்ளிருந்து வரும் தெளிந்த ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் ஏழெட்டு வகைப் பூச்சி ஓடும். அதே தண்ணீர் கீழே வந்து ஊர்ச் சாக்கடை கலக்கிற இடத்தில் ஒன்றிரண்டு வகைதான் மிஞ்சும், ஆனால் அந்த ஒன்றிரண்டும் ஆயிரக்கணக்கில் இருக்கும். எத்தனை பூச்சி என்பதைவிட எத்தனை வகை, எந்தெந்த வகை என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் அந்த நேரத்து நிலைமை தெரியும். நேற்று ராத்திரி யாராவது எதையாவது கொட்டி, காலைக்குள் அது ஓடிப் போயிருந்தால் பாட்டிலுக்குத் தெரியாது. பூச்சியோ வாரக்கணக்கில், சில வகைகள் மாதக்கணக்கில், அந்தக் கல்லுக்கு அடியிலேயே கிடந்து வளர்ந்தது. வந்ததை எல்லாம் தாங்கியதால்தான் உயிரோடு இருக்கிறது. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணமே இதுதான்.

எங்கே போய்ப் பார்ப்பது?

நம் மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. கோதையாறு, பரளியாறு, பழையாறு என்று எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்துதான் இறங்குகின்றன. ஆனால் பழகுவதற்குப் பெரிய ஆறு வேண்டாம். முழங்காலுக்குக் கீழே தண்ணீர், அடியில் உள்ளங்கை அளவு உருண்டைக் கற்கள், மேலே சலசலவென்று நுரைத்து ஓடும் நீர், இது போதும். அந்தச் சலசலப்பில்தான் காற்று தண்ணீரில் கலக்கிறது, அங்கேதான் வகைகளும் அதிகம். அதற்குப் பக்கத்திலேயே தேங்கி நிற்கிற ஒரு குழி, கரையில் அழுகிக் கிடக்கிற இலைக் குவியல், தண்ணீரில் தொங்குகிற வேர் என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள் குடியிருப்பார்கள்.

சானலில் பார்க்கலாமா என்று தோவாளைப் பக்கத்து நண்பர் கேட்டார். பார்க்கலாம். ஆனால் சானலில் தண்ணீர் வருடம் முழுவதும் ஓடுவதில்லை. அணை அடைத்திருக்கும் மாதங்களில் காய்ந்துவிடும். அதனால் சீக்கிரம் வளர்ந்து பறந்துவிடுகிற வகைகளே அங்கே கிடைக்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

பெரிதாக எதுவும் வேண்டாம். வெள்ளை நிறத்தில் தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, டீ வடிகட்டி ஒன்று, படம் வரைகிற மெல்லிய பிரஷ், பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ். டப்பா வெள்ளையாக இருப்பது முக்கியம், பழுப்புப் பூச்சி பழுப்புத் தட்டில் கண்ணுக்கே தெரியாது. வலை வேண்டுமென்றால் பழைய கொசுவலையை இரண்டு கம்புக்கு நடுவே தைத்து, ஓட்டத்துக்குக் குறுக்கே ஊன்றிப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல்புறத்தில் காலால் கற்களைக் கிளறினால் எல்லாம் வலையில் வந்து விழும்.

விரலால் மட்டும் எடுக்காதீர்கள். வாலும் செவுளும் ஒடிந்துவிடும், அடையாளமே அந்த இரண்டில்தான் இருக்கிறது. நனைந்த பிரஷால் தொட்டால் தானாக ஒட்டிக்கொண்டு வரும்.

கல்லைப் புரட்டியதும் எதை முதலில் பார்ப்பது?

பெயரைத் தேடி ஓடாதீர்கள். அது எப்படி நகர்கிறது என்று அரை நிமிடம் பாருங்கள். கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் நண்டு மாதிரி வழுக்கி ஓடுகிறதா, மீன்குஞ்சு மாதிரி துள்ளி நீந்துகிறதா, அசையாமல் இருக்கிறதா, கூட்டோடு ஊர்கிறதா? பாதி அடையாளம் இதிலேயே கிடைத்துவிடும். அப்புறம் டப்பாவில் விட்டு வரிசையாகப் பாருங்கள்: கால் இருக்கிறதா, வால் எத்தனை, செவுள் எங்கே இருக்கிறது, கால் நுனியில் நகம் ஒன்றா இரண்டா. இந்த நான்கையும் பார்த்துப் பழகிவிட்டால் ஓடையில் கிடைப்பதில் பெரும்பாலானவற்றை அதன் வரிசைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். வரிசை என்பது தும்பி, வண்டு, ஈ என்பது போன்ற பெரும் பிரிவு, அதற்குள் வரும் சிறு பிரிவு குடும்பம்.

மேஃப்ளைக்கும் ஸ்டோன்ஃப்ளைக்கும் எப்படி வித்தியாசம் சொல்வது?

இரண்டும் வளர்ந்ததும் தண்ணீரை விட்டுப் பறந்துவிடுகிற பூச்சிகள். இரண்டுக்கும் நம் பேச்சில் புழங்குகிற தமிழ்ப் பெயர் கிடையாது, அதனால் இப்படியே எழுதுகிறேன். இரண்டின் இளம்பூச்சியும் கல்லுக்கு அடியில் வாழும், இரண்டுக்கும் ஆறு கால், இரண்டுக்கும் நீண்ட வால். இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

மேஃப்ளைக்குப் பெரும்பாலும் மூன்று வால், ஸ்டோன்ஃப்ளைக்கு எப்போதும் இரண்டு. ஆனால் வாலை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவீர்கள். மேஃப்ளையிலும் இரண்டு வால் உள்ளவை உண்டு, மூன்றில் ஒன்று ஒடிந்ததும் கிடைக்கும். வயிற்றின் இரு பக்கத்தையும் பாருங்கள். மேஃப்ளைக்கு அங்கே சின்னச் சின்ன இலைகளை வரிசையாக ஒட்டியது போலச் செவுள்கள் இருக்கும். டப்பாவில் தண்ணீர் தேங்கி நின்றதும் பல வகைகள் அவற்றைப் படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். லென்ஸில் பார்த்தால் காற்றில் நடுங்கும் அரசிலை மாதிரி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அலை ஓடும். நான் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று சாப்பிடவே போகவில்லை.

நம் ஓடைகளில் அதிகம் கிடைக்கிற ஸ்டோன்ஃப்ளை பெர்லிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு வயிற்றுப் பக்கம் வெறுமையாக இருக்கும், செவுள் நூல்கொத்து மாதிரி கால் முளைக்கும் இடத்தில் மார்புக்கு அடியில் இருக்கும். டப்பாவில் காற்று குறைந்ததும் அது உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கும், தண்டால் எடுப்பது போல. அப்படிச் செய்தால் உடனே ஓடையில் விட்டுவிடுங்கள், மூச்சுக்குத் தவிக்கிறது என்று அர்த்தம். நகத்தையும் பார்த்துவிடுங்கள். மேஃப்ளைக்கு ஒரு காலுக்கு ஒரு நகம், ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டு.

மேஃப்ளைக்குள்ளேயே குடும்பம் பிரிக்க ஆசை வந்தால் முதல் மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தட்டையாக, கண் இரண்டும் தலைக்கு மேலே இருக்க, பக்கவாட்டில் வழுக்கி ஓடினால் ஹெப்டாஜெனிடே. மீன்குஞ்சு வடிவில் துள்ளி நீந்தினால் பீட்டிடே. சேற்றிலும் குப்பையிலும் மெதுவாக ஊர்ந்து, முதுகில் சதுர மூடி இரண்டு போர்த்தியது போலிருந்தால் சீனிடே, அந்த மூடிகள்தான் மற்றச் செவுள்களைச் சேறு அடைக்காமல் காக்கின்றன.

மூன்று வால், வயிற்றுப் பக்கத்தில் செவுள், எல்லாம் பொருந்துகிறது. ஆனாலும் மேஃப்ளை மாதிரி இல்லையே?

தாடையைப் பாருங்கள். எனக்கும் இதே குழப்பம் பல நாள் இருந்தது. நம் மலை ஓடைகளில் யூஃபேயா என்ற ஊசித்தும்பி வகை உண்டு. கறுப்பும் சிவப்புமாகப் பாறை மேல் உட்கார்ந்திருக்குமே, அதன் குஞ்சு இது. மற்ற ஊசித்தும்பிக் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்று நுனியில் மூன்று இலை மாதிரி செவுள் மட்டும்தான். இதற்கு நுனியில் மூன்று தடித்த பைகளும், போதாததற்கு வயிற்றின் இரு பக்கமும் இழைகளும் இருக்கும். அவசரத்தில் பார்த்தால் மேஃப்ளை என்றே எழுதிவிடுவீர்கள். ஆனால் தும்பிக் குஞ்சு எதுவானாலும் தாடைக்கு அடியில் மடித்து வைத்த கை போல ஒரு உறுப்பு இருக்கும். இரை பக்கத்தில் வந்ததும் அதைச் சட்டென்று நீட்டிப் பிடித்து வாய்க்குக் கொண்டுவரும். மேஃப்ளைக்கு அது கிடையாது.

பெரிய தும்பியின் குஞ்சு குட்டையாக, தடியாக, வெளியே தெரியும் செவுளே இல்லாமல் இருக்கும். அதன் செவுள் குடலின் கடைசிப் பகுதிக்குள் இருக்கிறது. பின்வழியாகத் தண்ணீரை இழுத்து மூச்சு விடும், பயந்தால் அதையே வேகமாகப் பீய்ச்சி முன்னே பாயும்.

ஒரு எச்சரிக்கை: தும்பிக் குஞ்சை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஒருநாள் காலையில் பிடித்ததை எல்லாம் ஒன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு மதியம் திறந்து பார்த்தேன், இரண்டு தும்பிக் குஞ்சும் சில கால் துண்டுகளும்தான் மிச்சம். அன்று செத்ததெல்லாம் என் கவனக்குறைவால் செத்தது.

கல்லில் மணலை ஒட்டிவைத்தது மாதிரி குழாய் குழாயாக இருக்கிறதே, அது என்ன?

கேடிஸ்ஃப்ளை என்ற, அந்துப்பூச்சி மாதிரி பறக்கிற பூச்சியின் புழு கட்டிய கூடு. நான் ஓடைக்குப் போவதே பாதி இவற்றைப் பார்க்கத்தான்.

புழு வாயிலிருந்து பட்டு நூல் விடும். அந்த நூலால் மணல், குச்சி, இலை என்று அதன் வகைக்கு ஏற்றதைப் பொறுக்கி உடம்பைச் சுற்றிக் கூடு கட்டி, அதையும் இழுத்துக்கொண்டே நடக்கும். குச்சியை நுனி அரிந்தது போல ஒரே அளவில் அடுக்குபவை உண்டு. இலையை இரண்டு துண்டாக வெட்டி, பெரிய துண்டு மேலே, சின்னது கீழே என்று வைத்து நடுவில் படுத்திருக்கிற வகை ஒன்று, இலைக் குவியலில் தேடினால் கிடைக்கும். அது நகரும்வரை பூச்சி என்றே தெரியாது. மணலை நத்தை ஓடு மாதிரி சுருட்டிக் கட்டும் வகையும் உண்டு. அதை நத்தை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், உற்றுப் பார்த்தால் வாயில் ஆறு கால் எட்டிப் பார்க்கும்.

கூடே கட்டாமல் வலை விரிப்பவை ஹைட்ரோசைக்கிடே. கல்லைத் தூக்கியதும் இடுக்கில் சளி மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும், பலர் அதைப் பாசி என்று துடைத்துவிடுகிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும்போது அது ஓட்டத்தை எதிர்த்து விரித்த, கண்கள் ஒரே அளவாகப் பின்னிய மீன்வலை. அடித்து வருவதைப் பிடித்துத் தின்கிறது. புழுவை எடுத்துப் பார்த்தால் தலைக்குப் பின்னால் மூன்று கெட்டியான தகடுகள், வயிற்றுக்கு அடியில் கொத்துக் கொத்தாகச் செவுள், பின்முனையில் இரண்டு கொக்கி.

தண்ணீருக்கு மேலே ஓடுபவை?

நீண்ட காலை விரித்து நீர்ப்பரப்பில் வழுக்குவது ஜெரிடே குடும்பம். காலில் உள்ள நுண்ணிய மயிர்கள் நனையாது, அதனால் மூழ்காது. இரை விழுந்தால் அந்த அதிர்வைக் காலாலேயே உணர்ந்துகொள்ளும். கறுப்பாகப் பளபளத்துக் கூட்டமாகச் சுழன்று சுழன்று வருவது ஜைரினிடே வண்டு. ஒவ்வொரு கண்ணும் இரண்டாகப் பிரிந்திருப்பதால் தண்ணீருக்கு மேலும் கீழும் ஒரே நேரத்தில் பார்க்கும். இவை மேல்காற்றைச் சுவாசிப்பவை, ஆகவே தண்ணீர் சுத்தமா என்று சொல்ல இவற்றை மட்டும் நம்ப முடியாது.

கல்லில் ஒட்டிய சில்லறைக் காசு மாதிரி ஒன்று?

செஃபினிடே வண்டின் புழு. புரட்டிப் பார்த்தால் அடியில் ஆறு கால் இருக்கும். நகத்தால் சுரண்டாதீர்கள், மெல்லிய இலையை ஓரத்தில் நுழைத்து நெம்பினால் வந்துவிடும்.

கால் இல்லாத புழுவெல்லாம் ஒன்றுதானா?

அவற்றில் பெரும்பாலானவை ஈ, கொசு வரிசை. ஓட்டம் பலமாக இருக்கும் பாறையில் அடிப்பக்கம் தடித்து, கூட்டமாகத் தலையை ஓட்டத்தோடு விட்டு ஆடுவது சிமுலியம், தலையில் இரண்டு விசிறி விரித்து உணவை வடிகட்டும். சேற்றில் ரத்தச் சிவப்பாக நெளிவது கைரோனாமிடே. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு, அதனால்தான் காற்றில்லாத சாக்கடைச் சேற்றிலும் பிழைக்கிறது. ஆனால் சிவப்பில்லாத கைரோனாமிடே நல்ல ஓடையிலும் இருக்கும், ஒன்றைக் கண்டதும் ஓடை செத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். சிவப்பு மட்டுமே, வேறெதுவும் இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கடிக்குமா?

பெரும்பாலும் கடிக்காது. நீர்த்தேள், முதுகில் முட்டை சுமக்கும் பெரிய நீர்ப்பூச்சி, தட்டையான நௌகோரிடே குடும்பத்துப் பூச்சி ஆகிய மூன்றும் ஊசி போன்ற வாயால் குத்தும், நன்றாக வலிக்கும். வெறும் கையால் பொத்திப் பிடிக்காமல் இருந்தால் போதும். நீர்த்தேளின் வாலில் விஷம் கிடையாது, அது மூச்சுக்குழாய். முதுகில் முட்டையோடு வருவது ஆண், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

தை முதல் சித்திரை வரை. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்குப் பெரும்பாலும் ஐப்பசி மழைதான், நமக்கோ ஆனி ஆடியிலும் மழை உண்டு, ஐப்பசி கார்த்திகையிலும் உண்டு. பெருவெள்ளம் கற்களை உருட்டிப் பூச்சிகளை அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளம் வடிந்த வாரத்தில் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்று முடிவு செய்யாதீர்கள், சில வாரம் கழித்துப் போங்கள். ஒரே ஓடை, ஒரே இடம், மாதம் ஒரு தடவை என்று போவது பத்து ஓடைக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட அதிகம் கற்றுத்தரும். மாசி வாக்கில் ரப்பர் இலையெல்லாம் கொட்டி ஓடையை மூடியிருக்கும்போது எந்தப் பூச்சி கூடுகிறது, எது குறைகிறது என்று நான் ஒவ்வொரு வருடமும் எழுதி வைக்கிறேன்.

செயலியில் போட்டோ போட்டால் பெயர் சொல்லிவிடுமே?

பறக்கும் தும்பிக்கு ஓரளவு சரியாகச் சொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் குஞ்சுக்கு அது தரும் பெயரை அப்படியே எழுதாதீர்கள், வெளிநாட்டு இனத்தின் பெயரைக் கூடத் தரும். உயிரினங்களின் படம் போட்டுப் பெயர் கேட்கிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுங்கள், ஆனால் குடும்பத்தோடு நிறுத்திவிட்டு, முதுகு, வயிறு, பக்கம் என்று மூன்று படம் போட்டால் தெரிந்தவர்கள் யாராவது மேலே சொல்வார்கள். இனம்வரை பிரிக்க நுண்ணோக்கி வேண்டும், பலவற்றுக்கு வளர்ந்த ஆண் பூச்சியும் வேண்டும். குடும்பம் தெரிந்தாலே தண்ணீரைப் பற்றிப் பேச முடியும், அதில் குறைவு எதுவும் இல்லை.

பூச்சியை வைத்துத் தண்ணீருக்கு மதிப்பெண் போட முடியுமா?

முடியும். பிஎம்டபிள்யூபி என்று இங்கிலாந்தில் உருவான முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். பெர்லிடேவுக்கும் ஹெப்டாஜெனிடேவுக்கும் 10, ஹைட்ரோசைக்கிடேவுக்கு 5, பீட்டிடேவுக்கு 4, கைரோனாமிடேவுக்கு 2. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுப்பார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றி, பூச்சிகளின் பன்மையையும் சேர்த்து, ஆறுகளை ஐந்து வகுப்பாகப் பிரிக்கும் முறையை வைத்திருக்கிறது.

எங்கள் ஓடையில் துவைக்கும் படிக்கு மேலே ஹெப்டாஜெனிடே தாராளம். படிக்குக் கீழே இருபதடி தூரத்துக்கு ஒன்றுகூடக் கிடைப்பதில்லை, பீட்டிடேவும் கைரோனாமிடேவும்தான். அதற்கும் கீழே, ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்தின் ஆசிட் தண்ணீர் வந்து சேர்கிற வாயில் கல்லைப் புரட்டினால் வழவழவென்று ஒரு சவ்வுதான் கையில் வரும். இதை அந்தத் தோட்டத்துக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், இரண்டு டப்பாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "இவ்வளவும் இதுக்குள்ளயா கிடக்கு மக்கா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அந்தத் தண்ணீருக்கு ஒரு குழி வெட்டியிருக்கிறார். சவ்வு குறைந்திருக்கிறது, ஹெப்டாஜெனிடே இன்னும் வரவில்லை.

அனுமதி வேண்டுமா? பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

மலை மேலே உள்ள ஓடைகள் பெரும்பாலும் காப்புக்காடும் சரணாலயமும்தான். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போகவும் கூடாது, எதையும் எடுக்கவும் கூடாது. காட்டுக்கு வெளியே, தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள், அவர்களுக்குக் கண் கூர்மை, நம்மைவிட முதலில் பார்ப்பார்கள். ஆனால் மலையில் மழை கறுத்தால், இங்கே வெயிலடித்தாலும், உடனே கரையேறுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கிச் சருகு மிதந்து வந்தால் மேலே வெள்ளம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் பயம் உண்டு.

சாகடித்துச் சேகரிக்கத்தான் வேண்டுமா?

பழகுபவருக்குத் தேவையில்லை. தும்பி வெளிவந்த பின் பாறையிலும் புல்லிலும் ஒட்டியிருக்கும் காலித் தோலை எடுத்துப் பாருங்கள், தாடை முதல் நகம்வரை எல்லாம் அப்படியே இருக்கும். படிப்புக்காகச் சேகரித்தே ஆகவேண்டும் என்றால் 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலில் போட்டு, நாளும் இடமும் பென்சிலால் எழுதிய காகிதத்தைப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை அதில் கரைந்துவிடும்.

பார்த்து முடித்ததும் கல்லை என்ன செய்வது?

எடுத்த இடத்திலேயே, முன்பு கீழே இருந்த பக்கமே கீழே இருக்கும்படி வையுங்கள். மேல்பக்கத்தில் வெயில் பட்டு வளர்ந்த பாசி இருக்கும், அது அடியில் போனால் அழுகிவிடும். அடியில் ஒட்டியிருக்கும் முட்டையும் கூட்டுப்புழுவும் மேலே வந்தால் மீன் தின்றுவிடும். டப்பாவை ஓட்டத்துக்குள் சாய்த்து மெதுவாகக் காலி செய்யுங்கள், மேலேயிருந்து கொட்டாதீர்கள். கடைசியாக டப்பாவின் மூலையில் ஒரு கேடிஸ் கூடு ஒட்டியிருக்கும், பிரஷால் அதையும் தள்ளிவிட்டுக் கிளம்புங்கள்.